பார்த்துச் செய்யுங்க

கொத்தவால்சாவடியில் என் அப்பாவுக்கு மிளகாய் மண்டி இருந்தது. பேரத்தில் முதலில் வாயைத் திறக்கக் கூடாது என்பதை எனக்குப் பல் முளைக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிட்டார். நான் மிளகாயை விட்டு ஆள் வியாபாரத்துக்கு வந்தேன். ஒரகடம் பக்கம் அதற்கு லேபர் காண்ட்ராக்ட் என்று கௌரவமான பெயர். மிளகாய் காயக் காய எடை குறையும். ஆள் காய்ந்தாலும் தலை ஒன்றுதான்.

2003ஆம் வருஷம் கார்களுக்கு ஸ்டியரிங் செய்யும் கம்பெனி ஒன்றுக்குத் தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று நாற்பது பேரைக் கொடுத்திருந்தேன். அவர்கள் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கும். பெர்மனன்ட் ஆட்களுக்கு நீல அட்டை. மஞ்சள் அட்டைக்காரன் எட்டு மாதத்தைத் தொடும் முன் அவனைக் கொஞ்ச நாள் வெளியே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவான். அதற்கு பிரேக் என்று பெயர். ஸ்டியரிங் செய்வது கம்பெனி, பிரேக் போடுவது நான்.

அருள்பாண்டிக்கு அந்த டிசம்பர் கடைசியில் பிரேக். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது, வடக்குப்பட்டில் ஆறு பேரோடு ஒரே அறையில் இருந்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் தள்ளுகிற பல் வைத்த நீளத் தண்டு ஒன்று உண்டு, ராக் என்பார்கள். அதற்குள் எண்ணெய் கசியாமல் சீல் போடுவது அவன் வேலை. அவன் கைபட்ட ராக் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவன் மாமா சுடலைக்கண்ணு ஊரிலிருந்து ஒரே வார்த்தையாகச் சொல்லியனுப்பியிருந்தார்: பொங்கலுக்குள் நீல அட்டையைக் காட்டினால் மகள் சுகப்பிரியா அவனுக்கு, இல்லாவிட்டால் தூத்துக்குடி உப்புக் கம்பெனி கிளார்க்குக்கு.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனித் தலைவர் ராமன் சாரின் வண்டி ஒழுக ஆரம்பித்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, ஜப்பான்காரன் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் செய்த பந்தய வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் அதை விரட்டுவார். ஊருக்கெல்லாம் ஸ்டியரிங் செய்கிறவருடைய வண்டியில் ஸ்டியரிங் எண்ணெய் சொட்டியது. கம்பெனியில் செய்யும் ராக் எதுவும் அந்தக் கிழட்டு வண்டிக்குப் பொருந்தாது. புதுப்பேட்டையில் அலைந்து நான் ஒரு பழைய ராக்கைப் பிடித்தேன். கடைக்காரனிடம் ஒரு மணி நேரம் எனக்குத் தேவையே இல்லாத டைனமோவைப் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது, "இந்தத் தண்டு சும்மாதான கெடக்கு?" என்று காலால் தட்டி வாங்கியது. அருள்பாண்டி அதைக் கழற்றிப் புது சீல் போட்டு வைத்தான்.

ஞாயிறு காலை கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். நான் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி சுப்பன் எட்டிப் பார்த்தான். அந்த ஷெட் நிற்கிற இடம் ஒருகாலத்தில் அவன் கொல்லை.

"இன்னா அண்ணாச்சி, அறுத்துப் போட்ட ஆட்டாட்டம் கீது. திரும்ப ஓடுமா?"

"ஓடலைன்னா நீயும் நானும் தள்ளுவோம்."

"நான் தள்ள மாட்டேம்பா. என் நெலத்துல நின்னு என் வண்டி இல்லாத ஒண்ண இன்னாத்துக்குத் தள்ளணும்?" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு போனான்.

அருள்பாண்டி ஸ்டியரிங் சுற்றிவிடாமல் இருக்கத் தன் பெல்ட்டைக் கழற்றி அதை சீட்டோடு கட்டினான். சக்கரத்துக்குப் போகும் முனைகளைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணிச் சாக்பீஸால் தரையில் எழுதினான். பழைய ராக் வெளியே வந்தபோது அதன் ரப்பர் உறையிலிருந்து ஒரு டம்ளர் சிவப்பு எண்ணெய் கொட்டியது. புதியதை மாட்டுமுன் கையால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினான்.

"மூணேகால் சுத்து வருது அண்ணாச்சி. சரிபாதியில நிறுத்தித்தான் மாட்டணும். இல்லன்னா வண்டி நேராப் போவும், ஸ்டியரிங்கு கோணிக்கிட்டு நிக்கும்."

"நம்ம ஆபீஸ் மாதிரி."

அவன் சிரிக்கவில்லை. போல்ட்டை இறுக்கிக்கொண்டே கேட்டான்: "சார்ட்ட நானே கேட்டுரட்டா?"

"என்னன்னு?"

"நீல அட்டை வேணும்னுதான். வேற என்ன?"

"கிறுக்குப் பயலே. நீயா ஒண்ணைச் சொன்னா அதுக்குக் கீழதான் கெடைக்கும். அவரா கேக்கட்டும். கேட்டாலும் சொல்லாத. 'நீங்க பாத்துச் செய்யுங்க சார்'னு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்க. மனுஷன் கூச்சப்பட்டே கூடக் குடுப்பான்."

"நெசமாவா அண்ணாச்சி?"

"நான் பேரத்துலயே பொறந்தவன்டே."

மண்டியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: குறைத்துக் கொடுத்தால் அசிங்கம் உனக்கு. ராமன் சார் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த அர்த்தத்தைச் சொல்லித்தரவில்லை என்பது எனக்குத் தெரியும். அருள்பாண்டி நீல அட்டைக்குப் போனால் என் நாற்பது முப்பத்தொன்பது ஆகும் என்பதும் தெரியும். இரண்டில் எது முதலில் தெரிந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பாமல், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் நிதானமாக ஒடித்தான். குடுவையில் குமிழிகள் வந்து வந்து அடங்கின. "காத்து உள்ள மாட்டிக்கிட்டா முனகும்," என்றான். குமிழி நிற்கும்வரை விடவில்லை.

பதினோரு மணிக்கு ராமன் சார் வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். இறங்காமல், ஒரே விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார்.

"பார்த்தியா? ஒரு விரல்! சுத்தமா சத்தமே இல்ல. சொல்லுப்பா அருள், உனக்கு என்ன வேணும்?"

அருள்பாண்டி என்னைப் பார்த்தான். நான் வண்டியின் பம்பரைப் பார்த்தேன்.

"நீங்க பாத்துச் செய்யுங்க சார்," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"ஷ்யூர், ஷ்யூர்."

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் மாறும்போது எல்லாரையும் கூட்டிவைத்து, கைதட்டச் சொல்லி, அவனுக்குக் கம்பெனி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள். அவன் சிரித்தபடி டப்பாவுக்குள் பார்த்தான். கடிதம் ஏதாவது வைத்திருப்பார்களோ என்று நினைத்திருப்பான். அட்டையும் தெர்மக்கோலும்தான் இருந்தன.

மாதக் கடைசியில் பிரேக் லிஸ்ட்டுக்குக் கையெழுத்து வாங்க ராமன் சார் அறைக்குப் போனேன். பட்டியலில் ஏழாவது பெயரில் அவர் பேனா நின்றது.

"நம்ம அருளா? நல்ல பையன். ஒரு பெர்மனன்ட் இடம் இருந்தது தெரியுமா? அவன் அதைக் கேப்பான்னுதான் நெனச்சேன், கேட்டா போட்டுடலாம்னு ஹெச்.ஆர்.கிட்ட சொல்லியும் வச்சேன். அவன் ஒண்ணுமே கேக்கல. இருக்கறதே போதும்கற டைப் போல. வேற ஒரு டிப்ளமோ பையனுக்குக் குடுத்தாச்சு. இன்னும் ஆர்டர் அடிக்கல."

இன்னும் ஆர்டர் அடிக்கவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். 'அவன் கேட்டதே அதுதான் சார்' என்று ஒரு வாக்கியம் போதும். அப்பா சொல்லிக்கொடுத்தபடி வாயைத் திறக்காமல் நின்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி மஞ்சள் அட்டையை ஒப்படைக்க அருள்பாண்டி என் அலுவலகத்துக்கு வந்தான். தோளில் பை, கக்கத்தில் கடிகார டப்பா. சுடலைக்கண்ணு பொங்கலுக்குக் காத்திருக்கவில்லை, மார்கழியென்றும் பாராமல் கிளார்க் வீட்டில் தட்டு மாற்றிவிட்டார் என்று அவனே சொன்னான்.

"ரெண்டு மாசம் கழிச்சு வா. வேற கம்பெனில போட்டுவிடுதேன்," என்றேன்.

"சரி அண்ணாச்சி." வாசல்வரை போனவன் திரும்பினான். "ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நான் வாய்விட்டுக் கேட்டிருந்தா சார் குடுத்திருப்பாரா?"

எந்தச் சரக்கைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்கிறவன் நான். அன்றைக்கு அவன் மஞ்சள் அட்டையை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் சொன்னேன்.

"குடுத்திருக்க மாட்டான்டே. அவனுவளுக்கு அந்த எண்ணமே கெடையாது."

அவன் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. "அப்பஞ் சரி," என்றான். "கேக்காமப் போனதாலதான் போச்சோன்னு ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல. அப்பஞ் சரி அண்ணாச்சி."

தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவுக்காக வெளியே நின்றான். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அதில் பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போட்டிருப்பதைக் காட்டிச் சிரித்தான். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பேட்டரிக் கட்டை வாங்கி அவன் கையில் வைத்தேன்.

நான் பார்த்துச் செய்தது அது.