சம்பந்தியோடு ஒரு போர்

ஆறு மணிக்குச் சம்பந்தியோடு கம்ப்யூட்டரில் போர். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதிதாக வாங்கிய பழங்காலப் பேரரசு விளையாட்டில், கோட்டையை முட்ட வந்த யானை தூக்கிய காலோடு உறைந்து நின்றது. கிழட்டுக் கம்ப்யூட்டர் இரைந்த இரைச்சலில் ஜன்னல் திரையே பறந்தது.

“சம்பந்திகிட்ட தோத்தா என் மானமே போயிரும்டி!”

“ஆளுக்கொரு முறை நகர்த்துற பழைய ராஜா ஆட்டம் இருக்குல்ல, அதைப் போடுங்க. அதுல மெஷின் வேகம் எதுக்கு?” என்றாள் மனைவி.

போட்டார். வழுக்கிக்கொண்டு ஓடியது. தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் காத்திருந்த சம்பந்தியும் சம்மதித்தார். மாஸ்டர் தன் படையை மின்னலாய் நகர்த்தினார்.

அடுத்தது சம்பந்தியின் முறை. அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். மாஸ்டர் நடந்த நடையில் தரை தேய்ந்து கீழ்வீட்டு அடுப்படி தெரிந்தது. கடைசியில் போனை எடுத்தார்.

“சம்பந்தி, நான் தோத்துட்டேன்னே வச்சுக்குங்க. தயவுசெஞ்சு எதையாவது நகர்த்துங்க!”