தகரம் தட்டாத பொய்

மரகதத்துக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உலையை ஏற்றிவிட்டு அரிசி களைய மறந்தாள். துணியை நனைத்துப் போட்டுவிட்டு, கையில் இருந்த சோப்பையே தேடினாள். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் ஊதினாலும் வாசலுக்கு ஓடினாள், பாம்பூஃப்ளாட் போகிற படகு ஊதினாலும் ஓடினாள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஊருக்குப் போகிறோமா, இல்லையா?

வீட்டில் எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. "போறோம், போறோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார் அவள் புருஷன் பக்தவத்சலம். கப்பல் சாமான் கிடங்கில் அவர் குமாஸ்தா. அந்தமானில் அவருடைய மூன்று வருஷத் தவணை இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் இருக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நேற்று ரேஷன் கடை வரிசையில் யாரோ பேசிக்கொண்டார்கள். அதிலிருந்துதான் மரகதத்துக்குக் காலில் வெந்நீரைக் கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

ஊரில் மகள் இருந்தாள். சுசீலாவை நாலு வயதில் மன்னார்குடியில் அவருடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். இங்கே பள்ளிக்கூடம் சரியிருக்காது என்றார் பக்தவத்சலம். இவளும் நம்பினாள். வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு செல்வம்மாளின் பிள்ளைகள் மூன்றும் இங்கேதான் படித்தன, நன்றாகவே படித்தன. போன வருஷம் லீவில் போனபோது சுசீலா பெரியம்மாவை "அம்மா" என்றும், மரகதத்தை "அந்தமான் அம்மா" என்றும் கூப்பிட்டாள். அதை நினைத்தால் மரகதத்துக்கு இன்றும் வயிறு எரியும்.

அவருக்கு மட்டும் எதுவும் எரியாது என்றுதான் அவள் நினைத்தாள். ஏன் எரியப் போகிறது? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஊரில் நாடகக் கம்பெனியில் ஈட்டி பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற ஆள், இங்கே மகாராஜா. ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட "ராஜா சாப்" என்றுதான் கும்பிடு போட்டார்கள்.

அவர் போட்ட நாடகம் அப்படி. ஊர்ப்பக்கம் ஜனங்களை அழவைத்தே அனுப்பும் ராஜா நாடகம் ஒன்றை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். பேர், 'சத்தியசீல மகாராஜா'. இந்த ராஜா பொய்யே பேசமாட்டார் என்று கட்டியக்காரன் முதலிலேயே சொல்லிவிடுவான். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மண்ணெண்ணெய்த் தகரம் கொண்டுவர வேண்டும். ராஜாவை யாரும் எதுவும் கேட்கலாம். பதில் பொய் என்று பட்டால் தகரத்தைத் தட்டலாம். தட்டினால் ராஜா ஒரு நகையைக் கழற்ற வேண்டும். கடைசியில் மிஞ்சுவது மகுடம். அதை இறக்கவைத்தவர் மேடையேறி ராஜாவுக்கு ஓர் உத்தரவு போடலாம். ஆனால் மகுடம் ஒருநாளும் இறங்கினதில்லை. எல்லாம் போய் அது மட்டும் தலையில் நிற்கும்போது பக்தவத்சலம் உண்மை பேச ஆரம்பித்துவிடுவார்.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த மைதானத்தில் கூட்டம் நெருக்கியது. மரகதம் முன்வரிசையில் செல்வம்மாளோடு உட்கார்ந்து, முந்தானை நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

செல்வம்மாளின் புருஷன் லூர்துநாதன் மீன் பிடிக்கிறவர். அவர்தான் முதலில் எழுந்தார். "மகாராசா, நேத்து எங்கிட்ட என்ன மீனு வாங்குனீரு?"

"சுறா. யாமே கடலில் இறங்கி வாளால் வெட்டினோம்."

"நாலு சாளை வே." தகரம் அதிர்ந்தது. கங்கணம் போயிற்று.

இன்று ஆபீசில் எவ்வளவு வேலை பார்த்தீர் என்று பின்னாலிருந்து ஒரு வங்காளிக்காரர் இந்தியில் குரல் கொடுத்தார். "ராஜா சாப், ஆஜ் தஃப்தர் மே கித்னா காம் கியா?"

"பஹுத் காம் கியா." நிறைய வேலை செய்தாராம்.

மைதானம் முழுக்கத் தகரம். இடுப்புப் பட்டை போயிற்று. கட்டியக்காரன் வேஷம் போட்ட காண்ட்ராக்டர் சொக்கலிங்கம் அதை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு மாலை போயிற்று, ஒட்டுமீசையும் போயிற்று. பாதி முகம் பக்தவத்சலமாகவும் பாதி ராஜாவாகவும் நின்றவரைப் பார்த்து ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மகுடம் மட்டும் இருந்தது.

மரகதம் எழுந்து நின்றாள். இத்தனை நாளில் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. "ராணி வந்தாச்சு" என்று யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மகாராஜா, இன்னும் மூணு வருஷம் இங்க இருக்கறதுக்கு எழுதிக் குடுத்தாச்சா?"

பக்தவத்சலத்தின் கை ஒரு நொடி மீசை இருந்த இடத்தைத் தடவியது. உடனே நெஞ்சை நிமிர்த்தினார். "இல்லை தேவி. அடுத்த கப்பலின் பின்னால் இந்தத் தீவையே கயிறு போட்டுக் கட்டி, மன்னார்குடிக்கு இழுத்துக்கொண்டு போகிறோம்."

மைதானம் சிரித்தது. தகரம் மட்டும் சத்தம் போடவில்லை. நாலு சாளையைப் பற்றி ஊருக்கே தெரியும், இது யாருக்கு நிச்சயமாகத் தெரியும்? லூர்துநாதன்கூடக் கையை ஓங்கிவிட்டு, மரகதத்தைப் பார்த்து, அப்படியே வைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சிரிப்பு அடங்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்த பக்தவத்சலம், இரண்டு கையாலும் மகுடத்தைக் கழற்றினார்.

கூட்டம் எழுந்து ஆடியது. யாரும் தட்டாமல் ராஜா தானே மகுடத்தை இறக்கினதை அவர்கள் பெரிய வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். மரகதத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டார். கோபத்தில் காது அடைத்தது.

"ஜெயிச்ச மகாராணி மேடைக்கு வரணும், உத்தரவு போடணும்" என்று கூவினார் சொக்கலிங்கம்.

அவள் ஏறினாள். அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கு என்று சொல்லத்தான் ஏறினாள். கிட்டத்தில் போனதும் அவர் மகுடத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பது தெரிந்தது. உத்தரவு இருக்கட்டும், முதலில் ஏன் என்று தெரிய வேண்டும். மகுடம் மட்டும் தலையில் நின்றால்தான் அவர் வாயில் உண்மை வரும். அட்டை மகுடத்தை அவர் கையிலிருந்து வாங்கி அவர் தலையிலேயே வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க. ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

ராஜாவின் குரல் போய்விட்டது. வீட்டில் பேசுகிற குரல்தான் வந்தது. "லீவுல போனப்ப நம்ம புள்ள அண்ணன் வேட்டிக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிட்டா. 'யாரு இவரு'ன்னு அவருகிட்ட கேட்டா. நீ அப்ப உள்ள இருந்த. இங்க என்னைத் தெரியாத ஆளு இல்ல மரகதம். அங்க போயி தினம் அந்தக் கேள்வியக் கேக்க எனக்கு பயமா இருக்கு."

தமிழ் தெரியாதவர்கள்கூடத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த மனுஷனுக்கும் எரிந்திருக்கிறது. ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாக எரிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

"உத்தரவு என்னம்மா?" சொக்கலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த கப்பல்ல எனக்கு சீட்டு எடுக்கணும்" என்றாள் மரகதம். "எனக்கு மட்டும்."

பக்தவத்சலத்தின் முகம் செத்துப்போயிற்று.

"போறதுக்கு ஒண்ணு. திரும்பி வர்றதுக்கு ஒண்ணரை."

கீழே செல்வம்மாள் மட்டும் "ஆத்தி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சுசீலாவக் கூட்டியாந்து முன்வரிசையில, செல்வம்மா புள்ளைங்களோட உக்காத்தி வைப்பேன். கையில ஒரு தகரமும் குடுப்பேன். யாரு இவருன்னு கேட்டான்னா, இங்கேருந்தே நீங்க பதில் சொல்லுங்க."

"உத்தரவு" என்றார் பக்தவத்சலம். மகுடம் தலையில்தான் இருந்தது. தகரம் வைத்திருந்த யாரும் தட்டவில்லை.