டாமர்ஹாகனின் பதினொரு வீடுகள்

பிரபுவின் மாளிகையை இடித்தெடுத்த செங்கல்லால் கட்டிய பதினொரு வீடுகளும் டாமர்ஹாகன் கிராமத்தில் வருடத்துக்குப் பத்தடி வீதம், மாளிகை நின்ற மேட்டை நோக்கி நகர்ந்தன. உருளைக்கிழங்கு அறுவடை முடிந்த வாரத்தில்தான் நகரும். அடுப்பில் வைத்த பால்கூடத் தளும்பாது. அதனால் முதல் இரண்டு வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபான் வாடெகோ பிரபு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் ரஷ்யப் படை வருவதற்குள் குதிரைகளைப் பூட்டிக்கொண்டு மேற்கே ஓடிப்போனார். அவர் பண்ணையில் பதிமூன்று வயதிலிருந்து பால் கறந்து, மாளிகையில் மணியடித்ததும் கூஜாவோடு ஓடிக்கொண்டிருந்த எர்னாவுக்கு, அவர் நிலத்தைப் பங்கிட்டபோது தொப்பிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் பன்னிரண்டு ஏக்கர் விழுந்தது. நிலம் வந்ததே தவிரக் குடியிருக்க வீடில்லை. மாளிகையை இடித்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, எர்னா ஒரு குளிர்காலம் முழுக்கச் சுத்தியலும் கையுமாக உட்கார்ந்து, ஒன்பதாயிரம் செங்கல்லில் ஒட்டியிருந்த பழைய சாந்தைக் கொத்தி எடுத்தாள். மூன்று நகங்கள் போயின. வீடு எழுந்ததும் வாசற்கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தாள். உள்ளேயிருந்து அடைத்துக்கொள்ளக்கூடிய கதவு அதற்குமுன் அவளுக்கு வாய்த்ததே இல்லை. அன்று அதைப் பத்துத் தடவையாவது போட்டுப் போட்டுத் திறந்திருப்பாள்.

மூன்றாம் வருடம் அவள் கணவன் வில்லி வாளியோடு கொல்லைக்குப் போனவன் அங்கிருந்தே கத்தினான். “அடியே, கிணறு எங்கடி போச்சு?”

“கிணறு இருந்த இடத்துலதான்யா இருக்கு. நாமதான் போயிட்டோம்.”

எர்னா விடுகிறவள் இல்லை. இரும்புச் சங்கிலியால் வீட்டை ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். அந்த இலையுதிர்காலத்தில் மரமும் கூடவே வந்தது. அறுபதாம் ஆண்டில் அவளுடைய பன்னிரண்டு ஏக்கரும் கூட்டுப்பண்ணைக்குப் போயிற்று. கட்சிச் செயலாளர் கூர்ட் ஸ்லீமன் கையெழுத்து வாங்க வந்தவர், வீட்டைப் பற்றியும் எச்சரித்தார்.

“சோஷலிசத்துல வீடெல்லாம் நகராது எர்னா. சும்மா வதந்தி கிளப்பாத.”

“அப்ப உங்க தண்ணிக்குழாய் ஏன் தோழர் வருஷா வருஷம் பிச்சுக்குது?”

அவர் குழாயை நீட்டிப் போடச் சொல்லிவிட்டுப் போனார். எல்லையில் சுவர் எழுவதற்குமுன் மேற்கே போய்விடலாம் என்று வில்லி கெஞ்சினான். நிலத்தைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள், வீடாவது மிஞ்சட்டும் என்று அவள் மறுத்தாள். அவன் மட்டும் போனான். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அவள் ஜன்னல்களுக்குப் பச்சை வண்ணம் அடித்தாள்.

சுவர் விழுந்த வருடம் பதினொரு வீடுகளும் மேட்டில் வந்து ஒன்றோடொன்று தோள் ஒட்டி நின்றன. படிக்கட்டு படிக்கட்டோடு சேர்ந்தது. எர்னாவின் வாசல் பழைய மாளிகையின் பெரிய கூடத்துக்குள் திறந்தது. மறு வருடம் பிரபுவின் பேரன் மேட்டை அரசிடமிருந்து வாங்கினார். மண் யாருடையதோ, மேலே நிற்கும் கட்டடமும் அவருடையதே என்று சட்டம் சொன்னது.

“நான் உங்க மண்ணுக்கு வரல. வீடுதான் என்னைத் தூக்கிட்டு வந்துச்சு” என்றாள் எர்னா.

பேரன் நல்ல மனிதர்தான், அதுதான் கொடுமை. “தெரியும்மா. யாரும் உங்களைப் போகச் சொல்லல. கடைசி வரைக்கும் இங்கேயே இருங்க. கூடத்துல விருந்தாளிங்க இருப்பாங்க, அதனால வெளிய வர்றப்ப மட்டும் கதவைத் தட்டிட்டு வாங்க.”

மற்ற பத்துக் குடும்பங்களும் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. மாளிகை தங்கும் விடுதியானது. எர்னா உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, எழுபது வயதில், என் வீடு, என் வீடு என்று உரக்கச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் விருந்தாளி வந்த காலையில் கூடத்தில் யாரோ மணியடித்தார்கள். ஓசை அடங்குவதற்குள் எர்னா இடுப்பில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையில் பால் கூஜாவோடு, விருந்தாளியின் மேசையருகே தலை குனிந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்போது தாழ்ப்பாளைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விருந்தாளி நன்றி சொன்னார். அவள் ஊற்றினாள்.

அந்த வருடத்திலிருந்து டாமர்ஹாகனில் எந்த வீடும் நகரவில்லை.