பையோடு வரச் சொன்னால்

தட்டுவதற்காகத் தூக்கிய கையை அவள் கீழே இறக்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் பூகோள ஆசிரியை கடல் நீரோட்டங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் அவளுடைய தங்கை உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. "ஒன்பது அம்பதுக்கும்மா. தூக்கத்துலயே. டாக்டர் வந்து பார்த்துட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சின்னவகிட்ட இப்பவே சொல்லிடாதே. கொஞ்சம் சீரியஸ்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா. வழியில அவ உடைஞ்சு போயிட்டா ஒத்தையா நீ எப்படி சமாளிப்பே?" என்றார்.

அப்பா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் அளவு எடுப்பவர். முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்த மனிதர். அவரைப் பார்த்துக் குரைக்காத நாயும் கிடையாது, பிறகு அவரோடு சிநேகமாகாத நாயும் கிடையாது என்று அம்மா சொல்வாள். நாலு நாள் முன்பு நெஞ்சுவலி என்று சேர்த்தார்கள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. நேற்று சாயங்காலம்கூட நர்ஸைக் கூப்பிட்டு, "அந்தக் குழாய் ஒரு நாளைக்கு ரெண்டு வாளி சொட்டுதும்மா, வாஷரை மாத்தச் சொல்லுங்க" என்று புகார் கொடுத்தார்.

அவள் இந்தப் பள்ளியில் மாணவர் நல ஆசிரியை. பிள்ளைகளின் அழுகை, பயம், வீட்டுச் சண்டை எல்லாம் அவளுடைய சின்ன அறைக்குத்தான் வந்து சேரும். வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று மற்ற ஆசிரியர்களுக்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். பொய் சொல்லக் கூடாது. ‘போயிட்டார்’ என்று மழுப்பக் கூடாது, அப்படிச் சொல்லக் கேட்ட ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்க போயிட்டார்?" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் பதிலுக்குக் காத்திருந்தான். வகுப்பிலிருந்து அழைக்கும்போதே பையையும் எடுத்துவரச் சொல்ல வேண்டும். அத்தனை கண்களுக்கு நடுவே திரும்பப் போய் எடுக்கும்படி விடக் கூடாது.

கதவைத் தட்டினாள். தங்கை எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் ‘அக்கா’ கிடையாது என்பது இருவருக்குமான ஒப்பந்தம்.

"மிஸ்?"

"பையை எடுத்துட்டு வாம்மா."

வகுப்பு சட்டென்று அடங்கியது. யாரோ பேனாவை மூடும் சத்தம்கூடக் கேட்டது. தங்கை பையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"பை எங்க?"

"பை வேணாம்." கதவைத் தங்கையே மெதுவாகச் சாத்தினாள். "நீங்க வந்து பையோட வரச் சொன்னா என்ன அர்த்தம்னு ஸ்கூலுக்கே தெரியும். போன வருஷம் மூணு பேரு. உங்களுக்கு என்ன பேர் வச்சிருக்காங்க தெரியுமா? பை மிஸ்."

அவளுக்குத் தெரியாது. நல்லது என்று நினைத்து எழுதிய விதி, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே போய்ச் சேதி சொல்லியிருக்கிறது.

"நான் பை எடுக்கல. அதனால ஒண்ணும் ஆகல. சரியா?" தங்கை கதவுப் பிடியை விடவில்லை. "அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் மோசம். அதானே?"

பொய்யைத் தங்கையே கையில் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டால் போதும், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கும். "ஆமா, கொஞ்சம்..." என்றுகூட ஆரம்பித்துவிட்டாள் அக்கா. தங்கையின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லடா. அப்பா இறந்துட்டாரு."

சித்தப்பா சொன்னபோது அவள் வெறும் "சரி" என்றுதான் சொல்லியிருந்தாள். ‘இறந்துட்டாரு’ என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்டது.

தங்கை அழவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குக்கா?"

"ஒன்பது அம்பது."

"அப்ப க்ளாஸ்ல டீச்சர் இல்ல. நான் ஹெட்மாஸ்டர் மாதிரி நடந்து காட்டிட்டு இருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அறையில் எத்தனையோ பிள்ளைகளிடம் சொன்னதுதான். அது இப்போது வரவில்லை.

"நான் டீ குடிச்சிட்டு இருந்தேன்," என்றாள். "நல்லா இருக்குன்னு ரெண்டாவது கப் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

தங்கை அவள் தோளில் நெற்றியை வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. யாருடையது முதலில் என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. பூகோள ஆசிரியை தங்கையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளோடு சரிக்குச் சரி சண்டை போடுகிறவர். அக்காவின் வெறும் தோளைப் பார்த்தார்.

"உன் பை எங்க?"

அவள் விழித்தாள். அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஸ்டாஃப் ரூம் வழியா நீ போக வேணாம். இங்கயே நில்லு. நான் எடுத்துட்டு வர்றேன்." இரண்டடி போனவர் திரும்பினார். "வண்டிக்கும் சொல்லிடறேன். கேட்டுக்கே வந்துடும்."

ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அம்மா வராந்தா பெஞ்சில், உள்ளே போகும்போது பார்த்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா கையெழுத்துப் போட எங்கோ போயிருந்தார். இருவரும் அம்மாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"என்னடி இது கையெல்லாம்?" என்றாள் அம்மா.

தங்கையின் மணிக்கட்டில் நீல மை அப்பியிருந்தது. அம்மா கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். மை போனபிறகும் துடைத்தாள். விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் துடைத்து, அந்தக் கையைத் தங்கையின் மடியில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினாள்.

அவள் கையில் மை எதுவும் இல்லை. ஆனாலும் நீட்டினாள்.