அலை மிசினின் இரண்டாம் கட்டம்

நெடுந்தீவில் நிற்கும் அலை மிசினைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வரும்படி பேராசிரியர் விநாயகமூர்த்தி சொன்னபோது, கோபிசங்கருக்கு அந்த இடத்திலேயே இடுப்புப் பக்கம் நாரி உளைந்தது. அவன் வீடிருக்கும் புளியங்கூடலிலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ். அங்கிருந்து படகு. படகால் இறங்கினால் லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் குந்தியிருந்து குலுங்கிக்கொண்டு மேற்குக் கரைவரை போகவேண்டும். சில வருடங்களாக இதே பாதையில் போய்வந்து, எந்த இடத்தில் எந்தப் பள்ளம் வரும் என்பது அவன் முதுகுக்கே தெரிந்திருந்தது.

அவன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருவார்கள், படிப்பை முடித்துக்கொண்டு போவார்கள். பூட்டுவதும் கழற்றுவதும் கிறீஸ் போடுவதும் அவன் வேலை. அலை மிசினையும் அவன்தான் பூட்டினான். கரைப் பாறையில் ஒரு கொங்கிறீட் மேடை, அதிலிருந்து கடலுக்குள் நீளும் இரும்புக் கை, கையின் நுனியில் ஒரு பெரிய மிதவை. அலை மிதவையைத் தூக்கிப் போடும்போது கை ஒரு பம்பை அமுக்கும். பம்பு கடல் தண்ணீரை வடிகட்டிக்குள் நெருக்கித் தள்ள, மறுபக்கத்தால் உப்பில்லாத தண்ணீர் ஒரு தாங்கிக்குள் சொட்டும். மின்சாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்பட்டது அலையின் பலத்தைப் பற்றிய கணக்கு. கிணறெல்லாம் உவர்ப்பாகிப்போன அந்தக் கரையோர வீடுகளுக்குத் தேவைப்பட்டது தண்ணீர். இரண்டும் ஒரே இரும்புக் கையால் நடந்துகொண்டிருந்தவரையில் யாருக்கும் யாரோடும் குறையில்லை.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் விடியும்போது தாங்கி நிறைந்திருக்கும். காற்று விழுந்தால் மிதவை வெறுமனே ஆடிக்கொண்டு கிடக்கும். நிலங்களுக்கு நடுவே அடைபட்ட ஆழமில்லாத கடல் அது, ஆண்டு முழுவதும் நம்பக்கூடிய பலம் அந்த அலைக்கு இல்லை என்றுதான் கடைசியில் ஆராய்ச்சி சொன்னது. கட்டுரை வெளிவந்தது, இருவருக்குப் பட்டம் கிடைத்தது. பிறகு ஒரு வாடைக்காலத்துப் புயலில் இரும்புக் கை வளைந்து மிதவையும் வெடித்துப்போனது. திருத்துவதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை.

"ஊராக்கள் கேட்டால் இரண்டாம் கட்டத்துக்கு எழுதியிருக்கிறம் எண்டு சொல்லும், கோபி" என்றார் பேராசிரியர்.

"போன தையிலையும் அப்பிடித்தான் சொன்னனான் சேர். எழுதினதுக்குப் பதில் வரேல்லையோ?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "எழுதேல்லை. அந்தக் கணக்கை வைச்சுக்கொண்டு எழுதினா ஆர் தருவினம்? எழுதுவம் எண்டுதான் இருந்தனான், பிறகு அது அப்பிடியே போட்டுது. நீர் போய்ச் சண்டைப்படாமல் சாமானை எடுத்துக்கொண்டு வாரும், அது காணும்."

கோபிசங்கர் வெளியே வந்தான். கோபம் வந்திருக்கவேண்டும் என்று பஸ்ஸில் இருக்கும்போது நினைத்துப் பார்த்தான். வரவில்லை. இனி அங்கே போய் நின்று என்ன சொல்வது என்ற சலிப்புத்தான் இருந்தது.

மேற்குக் கரையில் அவனுக்காகச் சீதேவி காத்துக்கொண்டு நின்றாள். ஐம்பதைக் கடந்தவள், அந்தக் கரையோரக் குடும்பங்களின் தண்ணீர்ச் சங்கத்துக்குத் தலைவி. மிசின் ஓடிய காலத்தில் தாங்கிப் பூட்டின் திறப்பு அவள் இடுப்பில்தான் தொங்கும். யாருக்கு எத்தனை வாளி என்பதை அவள்தான் பங்கிடுவாள். அவளுடைய புருசன் பாலசிங்கமும் இன்னும் சில ஆண்களும் கயிறு, அலவாங்குகளோடு வந்திருந்தார்கள். கழற்ற வருகிறோம் என்று முன்னதாகவே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் ஏதாவது கேட்டிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போல்ட்டுகள் துருவேறி மேடையோடு மேடையாக ஒட்டிப்போயிருந்தன. ஸ்பனருக்கு ஒன்றும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டும் பயனில்லாமல் இரும்பறுக்கும் வாளால் அறுக்கவேண்டியிருந்தது. பாலசிங்கமும் அவனும் மாறிமாறி அறுத்தார்கள். வெயில் முகத்தில் அடித்தது. உப்புக் காற்றில் வியர்வை காயவுமில்லை. இரும்புக் கை கழன்று சரிந்தபோது மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துத் தாங்கி, மெல்ல மெல்ல இழுத்து, மிதவையை மணலில் கொண்டுவந்து போட்டார்கள். வெடிப்புக்குள்ளிருந்து கறுத்த தண்ணீர் வடிந்தது.

"என்ன பாரம்" என்றார் பாலசிங்கம். "இதை அலை தூக்கினது எண்டால் நம்பேலாமல் கிடக்கு."

சீதேவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "கிணத்துத் தண்ணி உப்புத்தான் தம்பி. சீனியைக் கூடப் போட்டிருக்கிறன்."

மேடையின் நிழலில் இருந்து குடித்தார்கள். ஆண்கள் இரும்பை ஏற்றுவதற்கு உழவு இயந்திரம் கொண்டுவரப் போய்விட்டார்கள். சீதேவி வெற்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு எப்ப கொண்டுவந்து பூட்டுவியள்? சோளகத்துக்கு முன்னம் வருமோ?"

சொல்லவேண்டிய பதில் அவன் வாயில் தயாராக இருந்தது. போன தையில் நம்பிக்கையோடு சொன்ன அதே பதில்தான், திரும்பச் சொல்வதற்குப் பெரிய பாடு எதுவும் இல்லை. ஆனால் உடம்பு அலுத்திருந்தது. இன்னொரு தைக்கு வந்து இன்னொரு தடவை சொல்வதை நினைக்க அவனுக்கு ஏலவில்லை.

"வராது அக்கா."

"எது வராது?"

"இரண்டாம் கட்டம் எண்டு ஒண்டும் இல்லை. எழுதவும் இல்லையாம். இந்தக் கடல் அலையின்ர பலம் காணாது எண்டு ஆராய்ச்சி முடிஞ்சுது. இனி ஒருத்தரும் காசு தரமாட்டினம்."

சொன்னதும் பாரம் ஒன்றை இறக்கிவைத்ததுபோல இருந்தது. அவள் ஏசுவாள், ஏசட்டும் என்று காத்திருந்தான். சீதேவி ஏசவில்லை. கோப்பையை மணலில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"மாசியிலை ஒரு தொண்டு நிறுவனத்து ஆக்கள் வந்தவை" என்றாள். "வீட்டுக்கு வீடு மழைத்தண்ணித் தாங்கி கட்டித் தருவினமாம். ஒரு இடத்திலை ரண்டு திட்டம் போடேலாது, உங்களுக்குப் பல்கலைக்கழகத்தின்ர மிசின் வருமோ இல்லையோ எண்டு கேட்டவை. நான்தான் சொன்னனான், வரும், வேற ஊருக்குக் குடுங்கோ எண்டு. எங்கட ஆக்களுக்கு விருப்பமில்லை. ரண்டு கூட்டம் வைச்சு நான்தான் சம்மதிக்கப் பண்ணினனான்."

"இப்ப கேட்டால்?"

"போன கிழமை வேற இடத்திலை வேலை துவங்கீட்டினம்."

கோபிசங்கர் கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்கும் இந்தக் கிழமைதான் தெரியும், அக்கா" என்றான். உண்மைதான். அந்த உண்மையால் அவளுக்கு ஒரு வாளி தண்ணீரும் கிடைக்கப்போவதில்லை என்பது சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு விளங்கியது.

"நீங்கள் பொய் சொன்னனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை" என்றாள் சீதேவி. "ஆனா நான் சொன்னது பொய்யாப் போச்சு. நான் இதுக்குள்ளைதானே இருக்கிறன். நீங்கள் படகேறிப் போடுவியள்."

சாமானெல்லாம் ஏற்றியானதும் பாலசிங்கம் இறங்குதுறைவரை வந்தார். சீதேவி வரவில்லை. திரும்பும் படகில் கோபிசங்கர் வளைந்த இரும்புக் கையில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் நித்திரை வரவில்லை.

வீட்டில் அவன் மனைவி பிரியவதனி முழுவதையும் கேட்டாள். "நீங்கள் என்ன செய்யிறது? நீங்களோ போட்ட திட்டம்?" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. இருந்தும் அடுத்த கிழமை ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனான். அங்கே தாங்கித் திட்டத்துக்குப் பொறுப்பானவள் அன்ரனிட்டா என்ற பெண். மேசை நிறையக் கோப்புகள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. அவளும் தன்னைப்போலத்தான் இழுபடுகிறாள் என்று அவனுக்குப் பட்டது.

"இந்த முறைத் தாங்கியெல்லாம் குடுத்து முடிஞ்சுது அண்ணை. குடுத்ததைத் திருப்பிப் பறிக்கேலாது."

"அடுத்த முறை?"

"அடுத்த முறை எண்டு ஒண்டு வருமோ எண்டு எனக்கே தெரியாது. வந்தாலும் மேலிடத்திலை கேப்பினம், அங்கை பல்கலைக்கழகத்தின்ர திட்டம் இருக்குத்தானே எண்டு. இனி இல்லை எண்டு உங்கட பேராசிரியரிட்டை எழுத்திலை வாங்கித் தாங்கோ. அதை வைச்சு நான் கேட்டுப் பாக்கிறன்."

அதைப் பேராசிரியரிடம் கேட்பதுதான் சிரமமாக இருந்தது. கோபிசங்கர் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய் மேசையில் வைத்தான். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஊரோட சேர்ந்து தொடர்ந்து வேலை செய்யிறம் எண்டு வேற ஆராய்ச்சிக்குப் போட்ட புது விண்ணப்பத்திலை எழுதியிருக்கிறன், கோபி. இதிலை கையெழுத்து வைச்சால் அது என்ன ஆகும்?"

"தெரியாது சேர்."

"உமக்கேன் இந்த வேலை?"

"அங்கை போய் நிண்டது நான் சேர்."

அவர் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தார். அது சில நாட்கள் அங்கேயே கிடந்தது. கோபிசங்கர் அதைப் பற்றி மறுபடியும் கேட்கவில்லை, கேட்கத் தெம்பும் இல்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரும்போது கையெழுத்து வைத்த கடிதம் அவனுடைய கதிரையில் இருந்தது. பேராசிரியர் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. முகத்தில் முன்னைவிடக் களைப்புத் தெரிந்தது. அவருக்கும் ஓய்வுபெற அதிக காலம் இல்லை.

அன்ரனிட்டா சொன்னபடி கேட்டுப் பார்த்தாள். பல மாதங்கள் கழித்து, அடுத்த மழைக்கு முன்பாக, நெடுந்தீவு மேற்குக் கரைக்குத் தாங்கி வந்தது. எல்லா வீட்டுக்கும் அல்ல. செய்தி கேள்விப்பட்டுக் கோபிசங்கர் சீதேவிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"ஓம் தம்பி, வந்தது. பாதி வீட்டுக்குத்தான் காணும். ஆருக்கு எண்டு நீங்களே சொல்லுங்கோ எண்டு என்ர தலையிலை போட்டிட்டினம். குழந்தைப்பிள்ளையள் இருக்கிற வீட்டையும் ஏலாத ஆக்கள் இருக்கிற வீட்டையும் எழுதினன். மிச்ச ஆக்கள் இப்ப என்னோட கதைக்கிறேல்லை."

"உங்கட வீட்டுக்கு?"

"நானும் இவருந்தானே. சமாளிப்பம்."

பிறகு, "தலைவி வேலையை விட்டிட்டன். நல்ல சுகமாக் கிடக்கு" என்றாள். அவள் சிரித்ததுபோலவும் கேட்டது. "நீங்கள் அண்டைக்குச் சொன்னபடியாலை இவ்வளவாவது நடந்தது. சொல்லாமல் போயிருந்தால் நான் இப்பவும் மிசின் வரும் எண்டு சொல்லிக்கொண்டிருப்பன். இவர் கூப்பிடுறார், வைக்கட்டே?"

பேராசிரியரின் புது விண்ணப்பம் சரிவந்தது. அலையை விட்டுவிட்டு இம்முறை நீரோட்டம். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையிலுள்ள கடலில் ஓட்டம் எவ்வளவு வேகம், அதைக்கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுற்ற முடியுமா என்று அளக்கும் ஆராய்ச்சி. அளவுகருவியை இறக்கக் கோபிசங்கர்தான் போனான். நாரிக்குப் பட்டி கட்டியிருந்தான்.

நயினாதீவு இறங்குதுறையில் கருவிப் பெட்டிகளை இறக்கி வைத்தபோது, அங்கே கச்சான்கடலை விற்கும் பெண் எழுந்து வந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் கூடினார்கள்.

"இதென்ன அண்ணை, கரண்ட் எடுக்கிறதோ?"

"கடல் எவ்வளவு வேகமா ஓடுது எண்டு அளக்கிறது."

"அப்ப எங்களுக்குக் கரண்ட் வருமோ?"

பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவி கஜாலினி உற்சாகமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோபிசங்கர் கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

"வராது" என்றான். "நாங்கள் அளக்க மட்டும்தான் வந்திருக்கிறம். அளந்து முடிய இதை எடுத்துக்கொண்டு போடுவம். இதை நம்பி ஒண்டையும் விட்டிடாதேங்கோ."

அந்தப் பெண் அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஏன் வாறியள்?" என்று கேட்டாள்.

அதற்கு ஒரு பதில் சொல்லலாம்தான், நீளமான பதில். அதைச் சொல்வதற்குக் கஜாலினி இருக்கிறாள். "தங்கச்சி, அவவுக்கு ஆறுதலா விளங்கப்படுத்தும்" என்றுவிட்டு, அவன் வள்ளக்காரரோடு சேர்ந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினான்.