பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

மெஹபூப் அலிக்கு ஒரு காலத்தில் இருந்த தொண்டை லேசுப்பட்டதல்ல. வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் நாதஸ்வரக்காரரே ஒரு நிமிஷம் தயங்குவார். "மாமா, கொஞ்சம் நவுருங்க, பொண்ணு தெரியல! லைட்ட மறைக்காதீங்க நைனா!" என்று முகூர்த்தம் முடியும்வரை கத்திக்கொண்டேயிருப்பார். மைக் கேமராவிலேயே இருந்ததால் மந்திரத்தைவிட அவர் சத்தம்தான் கேசட்டில் உரக்க விழும்.

எடிட் செய்கிற ஜவஹர் தலையில் அடித்துக்கொள்வான். "பாய், உன் வாயாலதான் நம்ம தொழில் படுத்துக்கும்" என்பான். பிறகு எல்லோரும் செய்ததையே அவனும் செய்வான். கேசட் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவான். தாமரைப் பூ விரிய உள்ளே மணப்பெண் முகம், மேலே ஒரு டூயட். மயிலாப்பூர், மாம்பலம் முழுக்க எண்பதுகளில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் இந்தத் தாமரைக்குத் தப்பியதில்லை. அந்த அசட்டு அழகை இன்று நினைத்தாலும் மனசு என்னவோ செய்கிறது.

அப்புறம் மெஹபூப் அலியின் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. மகள் உம்மே ஹானி அப்போது தொட்டிலில் கிடந்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் எதையாவது இரண்டு தட்டு தட்டுவார். கதவோ, டம்ளரோ, மேஜையோ, இரண்டு தட்டு கேட்டால் அவள் ஓடிவந்துவிடுவாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பாண்டி பஜார் பின்தெருவில் ஜவஹர் மாடியறை ஒன்றைப் பிடித்து, பழைய கேசட்டுகளை வீடியோ சிடியாக மாற்றிக்கொடுக்க ஆரம்பித்திருந்தான். வெளியே போய்ப் படம் பிடிப்பது இன்னமும் மெஹபூப் அலிதான். ஒருநாள் அங்கே வந்த உம்மே ஹானி கேட்டாள்: "மாமா, எங்க அத்தா கொரல் எப்டி இருக்கும்? அத்தா எடுத்த கேசட்ல கேக்காதா?"

ஜவஹர் கைக்குக் கிடைத்த தன் பழைய கேசட்டுகளையெல்லாம் போட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் பாட்டு. அவரவர் வீட்டுத் துக்கத்துக்குக்கூடப் பாட்டுப் போட்டிருப்பானோ என்று அவனுக்கே அவன்மேல் எரிச்சல் வந்தது. அந்தப் பெண்ணிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல் நாளைக் கடத்தினான்.

அந்தச் சமயத்தில்தான் மந்தைவெளி சுந்தரவல்லி, அவன் முதல் நாள் மாற்றிக் கொடுத்தனுப்பிய சிடியையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அவள் கல்யாணக் கேசட்டை எடுத்ததும் எடிட் செய்ததும் இவர்களே.

"என்ன பண்ணி வெச்சிருக்கேள்? பாட்டெல்லாம் எங்க போச்சு? ஆத்துல எல்லாரும் உக்காந்துண்டு போட்டுப் பாத்தா, எவனோ ஒருத்தன் கத்திண்டே இருக்கான்!"

"பாட்டு எங்க மேடம் போவும்? கேசட்லதான் கீதே."

கேசட் ஓட ஓடக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுவது ஜவஹரின் வழக்கம். இல்லாவிட்டால் அவன் கம்ப்யூட்டர் திணறிப் படம் விட்டுவிட்டு விழும். அதனால் சத்தத்தை அவன் கவனிக்கவேயில்லை. இப்போது ஒயரை மாற்றினான், கம்ப்யூட்டருக்குள் இருந்த வீடியோ கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான், மறுபடி ஏற்றினான். பாட்டு வரவில்லை. கேசட்டை மூலையில் கிடந்த பழைய சாதா டெக்கில் போட்டான். அதில் பாட்டு ஜோராக வந்தது. சிடிக்கு ஏற்றுவதற்கென்றே புதிதாக வாங்கியிருந்த ஹை-ஃபை டெக்கில் போட்டான்.

"டேய் ஜவஹர், ஒயர இழுக்காதடா!"

டிவியிலிருந்து வந்தது மெஹபூப் அலியின் குரல்.

சுந்தரவல்லி கல்யாணம் நடந்த அந்த ஒரு சீசனுக்கு மட்டும் அவர்கள் பர்மா பஜாரிலிருந்து ஒரு ஹை-ஃபை டெக்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதில் சத்தம் இரண்டு இடத்தில் பதிவாகும். ஒன்று படத்தோடு கலந்து, இன்னொன்று நாடாவின் ஓரத்தில். ஜவஹர் பாட்டுப் போட்டதெல்லாம் ஓரத்தில்தான். வீடுகளில் இருந்த சாதா டெக்குகள் ஓரத்தை மட்டும் படித்தன; இந்தப் புது ஹை-ஃபை டெக் படத்தோடு கலந்ததைப் படித்தது. அடியில் மெஹபூப் அலி இத்தனை வருஷமும் கத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"ஏன் சார் அழறேள்?" என்றாள் சுந்தரவல்லி. வந்த கோபம் அவளுக்குப் போன இடம் தெரியவில்லை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அவள் கையிலிருந்த சிடியை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு என் பாட்டு வேணும். அதைக் கேட்டுண்டேதான் இத்தனை வருஷம் பாத்திருக்கேன். ஆனா அவரை அழிச்சுடாதேங்கோ."

ஜவஹர் கேசட்டை இரண்டு டெக்கிலும் ஒவ்வொரு முறை ஓடவிட்டான். பாட்டை இடப்பக்கத்திலும் குரலை வலப்பக்கத்திலும் வைத்து ஒரே சிடியில் எழுதினான். முதல் சிடியில் இரண்டும் ஒன்றில் ஒன்று கசிந்தன. இடம் மிச்சம் பிடிக்க மென்பொருள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சுருக்குகிறது என்று கண்டுபிடித்து, அந்த வசதியை அணைத்து, மறுபடி எழுதினான். இப்போது டிவிக்குப் போகிற ஒயர்களில் வலப்பக்கத்துச் சிவப்பு ஒயரைப் பிடுங்கினால் வெறும் பாட்டு. இடப்பக்கத்து வெள்ளை ஒயரைப் பிடுங்கினால் வெறும் மெஹபூப் அலி. சரிபார்க்கிற சாக்கில் கடைசிவரை கேட்டான். தாலி கட்டி முடிந்த பிறகு வருகிற ஒரு இடத்தைக் கேட்டதும் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான்.

சாயங்காலம் மெஹபூப் அலி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கூட்டிக்கொண்டு வந்தார். ஜவஹர் வெள்ளை ஒயரைப் பிடுங்கிவிட்டு சிடியைப் போட்டான். அறை அதிர்ந்தது. மெஹபூப் அலியின் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

உம்மே ஹானி முதலில் சிரித்தாள். "யாரு மாமா, இப்டி கத்திக்கினு கீறாரு?" பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

திரையில் கெட்டிமேளம் ஓய்ந்தது. மணமக்கள் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல், கத்தாமல், முதல் தடவையாகத் தணிந்து பேசியது.

"டேய் ஜவஹர், வூட்ல இது எட்டாம் மாசம். பொண்ணு பொறந்தா பேரு இன்னா தெரியுமா? உம்மே ஹானி. எப்டி கீது? உம்மே ஹானி!"

அவள் டிவி பக்கம் திரும்பவில்லை. எழுந்து நேரே போய் அப்பாவின் எதிரில் நின்றாள்.

"கூப்டியா அத்தா?"

வழக்கம்போல இரண்டு தட்டு தட்ட மேஜைமேல் வைத்த கையை மெஹபூப் அலி எடுத்துக்கொண்டார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.