காரணம் என்ற கட்டம்

வண்டு எப்போதும் இடது பக்கமாகத்தான் புரள்வாள் என்று அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். அதனால் தரையில் விரித்த ரப்பர் விரிப்பின் இடது ஓரத்தில் முழங்காலை மடித்து அணை கொடுத்து உட்கார்ந்தான். அவளை மல்லாக்கக் கிடத்தி, ஈர டயபரை உருவி, துடைத்து, புதியதை அடியில் செருகும்வரை எல்லாம் ஒழுங்காகவே போனது. அப்புறம் அவள் வலது பக்கமாகப் புரண்டாள். புரண்ட வேகத்தில் எழுந்து, அம்மணமாக மேசைக்கு அடியில் புகுந்து, அங்கிருந்து முன்பற்கள் நான்கும் தெரியச் சிரித்தாள்.

மல்லாக்க விழுந்த வண்டு கால்களை உதறி நிமிரப் பார்க்குமே, அதுபோலவே திமிறுவாள் என்பதால் வந்த பெயர். வைத்தவள் அவன் மனைவி, குழந்தையின் அம்மா. அந்த அம்மா இப்போது அறை வாசலில், நிலையில் சாய்ந்து, கைகளை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆறு வாரமாக டயபர் மாற்றும் நேரங்களில் அவள் இடம் அதுதான்.

"பாத்தியா, வலது பக்கமும் போறா. இனிமே ரெண்டு பக்கமும் கண்ணு வேணும்," என்றான்.

"ம்."

"நீ ஒரு தடவ செஞ்சு பாரேன். தரையிலதான இருக்கா. இதுக்கும் கீழ எங்க விழப்போறா?"

தமாஷாகச் சொன்னதுதான். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுக்களைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்த பால் புட்டியை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு முற்பகலில், கட்டிலில் படுக்கவைத்து டயபர் மாற்றும்போது, துடைக்கும் துணியை எடுக்க அவள் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். துணிப் பொட்டலம் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதற்குள் வண்டு விளிம்பைத் தாண்டிவிட்டாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பில் மயிரிழை விரிசல். இந்த வயதில் அது தானாகக் கூடிவிடும் என்றார் டாக்டர், கூடியும் விட்டது. குழந்தை மூன்றாம் நாளே கையை உயர்த்தி மின்விசிறியைக் காட்டியது. அம்மாவுக்குத்தான் கை வரவில்லை. சோறு ஊட்டுவாள், தூங்கவைப்பாள். டயபர் என்றால் மட்டும் விரல்கள் ஜில்லென்று ஆகி நடுங்கும். அவன் மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தான். நாளை காலை ஆறு மணிக்கு வேலையில் சேர வேண்டும். அதனால்தான் இன்று சாயங்காலம் அவளுடைய அக்கா வருகிறாள், குழந்தையைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக.

மத்தியானமே அக்காவின் போன் வந்தது. "தம்பி, பஸ் ஏறிட்டேன். நாலு நாலரைக்கு வந்துடுவேன். டயபரெல்லாம் மூட்டை கட்டாதீங்க, மூணு பெத்தவ நான். முக்குற சத்தத்த வச்சே சொல்லிடுவேன், ஒண்ணா ரெண்டான்னு."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தது அடுக்களைவரை கேட்டிருக்கும் என்று உடனே தோன்றியது.

"அவள நல்லா தூங்கச் சொல்லுங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம். புள்ள எங்க போயிடப்போகுது?"

ரெண்டு மாதம் என்றால் வண்டு என்னவெல்லாம் கற்றுக்கொண்டிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தான். பேச ஆரம்பித்திருக்கலாம். ரெண்டு மாதம் நாலு ஆகாது என்று யார் சொன்னது? இப்போதே குழந்தையை அனுப்பிவிட்டால் மனைவிக்குக் கை பிறகு ஒருநாளும் வராது என்றும் பட்டது. விடாமல் வைத்துக்கொண்டு, நாளைக்குத் தான் வேலையில் இருக்கும்போது ஏதாவது ஆனால்? யோசனை சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. தான் செய்வது சரியா என்று ஒருவரிடம் கேட்கலாம் என்றால், கேட்க வேண்டிய ஆள் அடுக்களையில் புட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்குப் பையைக் கட்டினார்கள். சட்டைகளை அவள் மடித்துக் கொடுக்க, அவன் அடுக்கினான். தடுப்பூசி அட்டை வேண்டும் என்று குழந்தையின் மருத்துவக் காகிதங்கள் இருந்த கோப்பைத் திறந்தபோது ஒரு சீட்டு கையில் வந்தது. அவன் வேலை செய்யும் சிறிய மருத்துவமனையின் எக்ஸ்ரே சீட்டு. அங்கே எழுதிக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. படம் எடுப்பவனே, அதாவது அவனே, எழுத வேண்டும். பெயர், வயது, எந்த எலும்பு. கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதில் அவனுடைய கையெழுத்து, சாயாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல்: 'தாயின் கவனக்குறைவு.'

எழுதியதே நினைவில் இல்லை. அன்றைக்குப் பணியில் இருந்தான். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் செருப்பில்லாமல் ஓடிவந்தது நினைவிருந்தது. கை துவண்டு தொங்கியது நினைவிருந்தது. எக்ஸ்ரே அறையின் தடுப்புக்குப் பின்னால் நின்று, "அம்மா, ஆடாம பிடிச்சுக்கங்க. இன்னும் கொஞ்சம் கீழ. அப்படியே இருங்கம்மா," என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்வதைத் தன் பெண்டாட்டிக்கும் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சீட்டைக் கோப்பின் அடியில் தள்ளினான்.

"நான் அன்னைக்கே படிச்சிட்டேன்," என்றாள் அவள். ஒரு சின்ன உள்சட்டையை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு."

"ஏய், அது... அது எல்லாருக்கும் எழுதுறதுதான். குழந்த விழுந்துச்சுன்னா அப்படித்தான் எழுதுவோம். பழக்கம்."

"எல்லாருக்குமா?"

"ஆமா."

"அப்பா தூக்கிட்டு வந்தா?"

போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒருவர் வந்தார், மாடிப்படியில் மகனைத் தவறவிட்டுவிட்டு. தச்சு வேலைக்காரர். பெரிய உடம்பு, நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தண்ணீர் கொடுத்துத் தேற்றினான். அவர் சீட்டில் 'தவறி விழுந்தது' என்று எழுதினான். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. யாரும் இப்படி எழுதவும் சொல்லவில்லை. எத்தனை வருடமாக, எத்தனை சீட்டில். வேலையில் ஒரு குறை வைக்காதவன் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தான்.

"தவறி விழுந்ததுன்னு எழுதுவேன்," என்றான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அழுவாள் என்றும் காத்திருந்தான். அவள் இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள். "தனியா உக்காந்து யோசிச்சேன்," என்றாள் பிறகு. "துணிய எடுக்கத் திரும்பாம வேற எப்படி எடுக்கறதுன்னு. நீங்க தெனமும் எடுக்கறதப் பாத்தேன். நீங்களும் திரும்பித்தான் எடுக்கறீங்க."

"மன்னிச்சிடு" என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதையும் ஒரு கட்டத்துக்குள் எழுதி வைப்பது போலிருந்ததால் சொல்லவில்லை.

அப்போது மேசைக்குப் பக்கத்தில் வண்டு முகம் சிவந்து, அசையாமல் நின்றாள். வாடை வந்தது. அவன் வழக்கம்போல எழுந்து விரிப்பை எடுக்கப் போனான்.

"விடுங்க," என்றாள்.

"நேரமாயிடுச்சு, அக்கா வர்ற..."

"நீங்க தொடாதீங்க. அங்கயே நில்லுங்க."

அவன் போய் வாசல் கதவருகே நின்றான். அவள் விரிப்பை எடுக்கவில்லை. வெறுந்தரையில் மண்டியிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். குழந்தையும் அவளைப் பார்த்தது. படுக்கவைக்கப் போனாள், வண்டு முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள். அவள் கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். பிறகு படுக்கவைக்கும் யோசனையை விட்டு, குழந்தையை நின்றபடியே தன் பக்கம் இழுத்தாள். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வண்டு அவளுடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டாள். கம்மல் இழுபட்டுக் காது சிவந்தது. அவள் அதை விடுவிக்கவில்லை. கண்ணால் பார்க்க முடியாமல், கைகளைச் சுற்றிவளைத்து, தடவித் தடவிப் பழையதை அவிழ்த்தாள். துடைத்தாள். குழந்தையின் பாதத்தில், தன் பாவாடை ஓரத்தில், தரையில் எல்லாம் அப்பியது. இப்படிச் செய்தால் சுத்தமாகாது, தொடை இடுக்கில் நிற்கும் என்று அவன் உதட்டுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அழைப்பு மணி அடித்தது.

"தம்பி! நான்தான். கதவத் தொறங்க, பை கனக்குது!"

பெரியம்மாவின் குரல் கேட்டதும் வண்டு காதுகளை விட்டுவிட்டாள். இடுப்பில் ஒன்றும் இல்லாமல், கைகளை விரித்துக்கொண்டு, கதவை நோக்கித் தள்ளாடி நடந்தாள். அம்மா மண்டியிட்ட நிலையிலேயே அவள் பின்னாலேயே நகர்ந்து வந்தாள்.

அவன் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. மணி இரண்டாம் முறை அடித்தது. குழந்தை ஓர் அடி வைத்து நின்று, ஆடி, அடுத்த அடி வைத்தது. அதன் இரு பக்கமும், தொடாமல், ஒரு சாண் தள்ளி, அழுக்கான இரண்டு கைகள் கூடவே வந்துகொண்டிருந்தன.